நாட்பட்ட மைக்ரேன்: வலி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, மருந்து ஏன் கேட்பதில்லை

லேசாகத் தலை கனத்தாலே "எனக்கு மைக்ரேன்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. மாதத்தில் பாதி நாள் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்துக் கிடந்து, யார் கேட்டாலும் "வெறும் தலைவலிதான்" என்று சமாளிப்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் கிடைக்கும் அறிவுரை மட்டும் ஒன்றே: தண்ணீர் நிறையக் குடி, போன் பார்ப்பதைக் குறை, கண்ணாடியை மாற்று, டென்ஷன் ஆகாதே.

இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் வருடக்கணக்காக மைக்ரேனோடு வாழ்பவருக்கு இவை பெரிதாக உதவுவதும் இல்லை. "எல்லாம் பார்த்தாயிற்று, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை" என்று அவர் சொல்வார். எதைப் பார்த்தார், எது கேட்கவில்லை என்று விசாரித்தால் பல சமயம் ஒரு குழப்பம் தென்படும். வந்த வலியை அடக்கும் மருந்து வேறு, வலி வராமல் காக்கும் மருந்து வேறு என்பதை அவருக்கு யாரும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வித்தியாசம் புரிய வேண்டுமானால் வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

## எது மைக்ரேன்?

தலைவலி மைக்ரேனின் ஒரு பகுதி மட்டுமே. உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறைப்படி, மருந்து எடுக்காமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் வலி அது. ஒரு பக்கமாக இருப்பது, விண்விண்ணென்று தெறிப்பது, நடுத்தரத்திலிருந்து கடுமை வரையிலான வலியாக இருப்பது, நடந்தாலோ மாடிப்படி ஏறினாலோ கூடுவது ஆகிய நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வெளிச்சம், சத்தம் இரண்டுமே தாங்க முடியாமல் போயிருக்க வேண்டும். இப்படி 5 முறையாவது வந்திருந்தால்தான் மைக்ரேன் என்று உறுதியாகச் சொல்வார்கள்.

நான்கில் இரண்டு போதும் என்பதைக் கவனியுங்கள். தலை முழுவதும் வலித்தாலும் அது மைக்ரேனாக இருக்கலாம். கழுத்துப் பிடிப்பு, மூக்கடைப்பு, கண்ணில் நீர் வடிவது எல்லாம்கூட அதனோடு சேர்ந்து வரும். பலரும் சைனஸ் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஆவி பிடிப்பது இதனால்தான். சைனஸ் தலைவலி என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டவர்களைப் பரிசோதித்துப் பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலானோருக்கு இருந்தது மைக்ரேன்.

வலி வருவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பே உடம்பு தடம் மாறத் தொடங்கிவிடும். கொட்டாவி கொட்டாவியாக வரும், கழுத்து இறுகும், எரிச்சல் வரும், குறிப்பிட்ட ஏதாவது ஒன்றைத் தின்ன வேண்டும் என்றிருக்கும். இது முன்கட்டம். மூன்றில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் குறைவானவர்களுக்கு, வலிக்குச் சற்று முன் கண்ணெதிரே மின்னும் கோணல்மாணலான கோடுகள், பார்வையில் ஓட்டை விழுந்ததுபோல் ஓரிடம் மறைவது, கை மரத்துப்போவது போன்றவை 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை தெரியும். இதற்கு ஆரா என்று பெயர். அப்புறம் வலி. வலி போன பிறகும் ஓரிரு நாள் தலை பஞ்சடைத்ததுபோல் இருக்கும், உடம்பில் சக்தியே இருக்காது. முன்கட்டத்திலிருந்து இந்த அசதி தீரும்வரை உள்ள முழுவதையும் இக்கட்டுரையில் ஒரு சுற்று என்று சொல்கிறேன்.

இன்னொன்று. மைக்ரேனை ஸ்கேனில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ரத்தப் பரிசோதனையிலும் முடியாது. ஸ்கேன் எடுக்கச் சொல்வது வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். "ரிப்போர்ட் நார்மல்" என்றதும் "உனக்கு ஒன்றுமில்லையாம்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்களே, அந்த வாக்கியம் வலியைவிட அதிகமாகக் குத்தும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதுவரை பார்த்தது: மைக்ரேன் என்பது பல மணி நேரம், சில சமயம் பல நாள் ஓடும் ஒரு சுற்று. வலி அதன் நடுப்பகுதி. நார்மல் ரிப்போர்ட், நோய் இல்லை என்பதற்குச் சான்று அல்ல.

## அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தை

நன்றாகத் தூங்கும் கைக்குழந்தை, பக்கத்து அறையில் தட்டு விழுந்தாலும் அசையாது. அதே குழந்தை அரைத்தூக்கத்தில் இருந்தால் கதவு கிறீச்சிட்டாலே வீறிட்டு அழும். அழுகைக்குக் காரணம் கதவா? கதவு தினமும்தான் கிறீச்சிடுகிறது. அன்றைக்குக் குழந்தை சரியாகத் தூங்கியிருக்காது, பசித்திருக்கும், ஜலதோஷம் பிடித்திருக்கும். அதனால் கதவுச் சத்தம் போதுமானதாகிவிட்டது.

மைக்ரேன் உள்ள மூளை ஏறக்குறைய இப்படித்தான். சாதாரண மூளை ஒரே சத்தத்தையோ மினுக்கும் வெளிச்சத்தையோ திரும்பத் திரும்பக் கொடுத்தால், சற்று நேரத்தில் அதற்குப் பழகி, பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மைக்ரேன் உள்ளவர்களின் மூளை வலி இல்லாத நாள்களிலும் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. ஒரு சுற்று கிளம்பாமல் மூளை எவ்வளவு தாங்குமோ, அந்த எல்லையைத் தாங்குவரம்பு என்று வைத்துக்கொள்வோம். அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறும். தூக்கம் கெட்டால் இறங்கும், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் இறங்கும், மாதவிடாய்க்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் குறையும்போதும் இறங்கும். பருவமடையும் வயதுவரை ஆண் பெண் இருபாலரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் மைக்ரேன், அதற்குப் பிறகு பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தெரிவதில் இந்த ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தாங்குவரம்பு தாழ்வாகப் பிறப்பது பெரும்பாலும் குடும்பத்தோடு வருவது. மைக்ரேனோடு தொடர்புடைய நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களை இதுவரை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆகவே யாரும் யோசித்து யோசித்தோ, கவலைப்பட்டோ மைக்ரேனை வரவழைத்துக்கொள்வதில்லை. கவலை சில நாள் கதவுச் சத்தமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

## காரணி வேட்டை

இங்கே ஒரு பிரபலமான தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். சுற்றைக் கிளப்பிவிடும் விஷயங்களுக்குத் தூண்டுகாரணி என்று பெயர். பலர் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்குவார்கள். சாக்லேட் போகும், பாலாடைக்கட்டி போகும், பிறகு பழம், பிறகு வெயில், பிறகு நண்பர்களின் கூட்டம். கடைசியில் வாழ்க்கை சுருங்கியிருக்கும், மைக்ரேன் அப்படியே இருக்கும்.

முன்கட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஏதாவது ஒன்றைத் தின்னத் தோன்றுவது அதன் அறிகுறிகளில் ஒன்று. ஒருவர் சாக்லேட் தின்கிறார், மறுநாள் வலி வருகிறது. சாக்லேட்தான் காரணம் என்று எழுதிவைக்கிறார். ஆனால் சுற்று முந்தின நாளே தொடங்கிவிட்டதால்தான் அவருக்குச் சாக்லேட் தின்னத் தோன்றியிருக்கலாம். வெளிச்சம் கண்ணைக் கூசுவதும் கழுத்து வலியும் அப்படித்தான். மைக்ரேன் உள்ள ஒருவரைத் தொடர்ந்து 30 நாள் ஸ்கேன் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வலி வருவதற்கு முந்தைய நாளே மூளையின் ஹைப்போதலாமஸ் வேறுவிதமாக இயங்கத் தொடங்கியது தெரிந்தது. பசி, தூக்கம், உடல் சூடு எல்லாவற்றையும் கவனிக்கும் சிறிய பகுதி அது. கொட்டாவியும் தின்னும் ஆசையும் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு இது பொருத்தமான விடை.

எல்லாக் காரணியும் கற்பனை என்று சொல்லவில்லை. ஒழுங்கற்ற தூக்கம், சாப்பாட்டைத் தவறவிடுவது, மது, மன அழுத்தம், சிலருக்கு மன அழுத்தம் சட்டென்று விலகும் விடுமுறை நாள் ஆகியவை பலரிடமும் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. ஆனால் என் கருத்தைக் கேட்டால், ஒவ்வொரு கதவுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பதைவிட, குழந்தை ஆழ்ந்து தூங்க வழி செய்வது மேல். ஒரே நேரத்தில் தூங்கி எழுவது, வேளைக்குச் சாப்பிடுவது, காஃபினை அளவோடும் தினமும் ஒரே அளவிலும் வைத்துக்கொள்வது, முடிந்த நாள்களில் நடப்பது. கேட்கச் சலிப்பாகத்தான் இருக்கும். மூளைக்குப் பிடித்ததும் இந்தச் சலிப்புதான்.

## வலி எங்கே உண்டாகிறது

மூளைக்குள் வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. ஆனால் மூளையைச் சுற்றியிருக்கும் உறைகளிலும் அங்குள்ள ரத்தக் குழாய்களிலும் உண்டு. முகத்துக்கும் இந்த உறைகளுக்கும் உணர்ச்சி தரும் பெரிய நரம்புக்கு டிரைஜெமினல் நரம்பு என்று பெயர். மைக்ரேன் வலி இந்த நரம்பின் வழியாக வருவது. கழுத்திலிருந்து வரும் நரம்புகளும் மூளைத் தண்டில் இதனோடு ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால்தான் மைக்ரேனில் கழுத்தும் வலிக்கிறது. கழுத்துத் தேய்மானம் என்று சொல்லி எக்ஸ்ரே எடுத்தவர்களைக் கணக்கெடுத்தால் நீண்ட வரிசை நிற்கும்.

ரத்தக் குழாய்கள் விரிவதுதான் மைக்ரேன் என்று 1930களின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. இன்றும் பலர் அப்படித்தான் விளக்குகிறார்கள். ஆனால் வலி இருக்கும்போதே எடுத்த பிற்கால ஸ்கேன்களில் குழாய்கள் சொல்லும்படியாக விரிந்திருக்கவில்லை. இப்போதைய புரிதல் நரம்பிலிருந்து தொடங்குகிறது.

டிரைஜெமினல் நரம்பு முனைகள் கிளர்ச்சியடையும்போது சில வேதிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றில் முக்கியமானது சிஜிஆர்பி என்ற சிறிய புரதத் துணுக்கு. வலிச் செய்தியைப் பெருக்கிக் காட்டுவது அதன் வேலை. 1990இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் ஆகியோரின் ஆய்வு, மைக்ரேன் நேரத்தில் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுத்த ரத்தத்தில் சிஜிஆர்பி கூடியிருப்பதைக் காட்டியது. பிறகு மைக்ரேன் உள்ளவர்களுக்குச் சிஜிஆர்பியை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தபோது, பலருக்கு மைக்ரேன் போன்ற வலியே வந்தது. இந்த ஆராய்ச்சி வரிசைக்காக இவர்கள் இருவரோடு யெஸ் ஓலெசன், மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் ஆகியோருக்கும் 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பிரைஸ் வழங்கப்பட்டது.

ஆரா வேறு கதை. மூளையின் மேற்பரப்பில் நரம்பு செல்கள் அலையாகக் கிளர்ந்து, பின்னால் அடங்கிக்கொண்டே வரும் நிகழ்வு அது. கார்ல் லாஷ்லி என்ற ஆய்வாளர் தனக்கே வந்த ஆராவை வரைந்து வரைந்து பார்த்து, அது மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர வேண்டும் என்று 1941இல் கணக்கிட்டார். சில ஆண்டுகளில், 1944இல், அரிஸ்டிடெஸ் லியாவ் என்ற பிரேசில் விஞ்ஞானி விலங்குகளின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் நகரும் அலையைக் கண்டார். ஆராவுக்கு நடுவில் ஒருவர் பென்சிலை எடுத்து வரைந்தார் என்பதே எனக்கு வியப்பு.

சுருக்கமாக: மூளை தூண்டப்படுகிறது, உறைகளில் உள்ள நரம்பு முனைகள் சிஜிஆர்பியைச் சுரக்கின்றன, வலிச் செய்தி பெருகுகிறது. குழாய் விரிவது இதன் பக்க நிகழ்ச்சி.

## நாட்பட்டது என்றால்

"ரொம்ப நாளாக இருக்கிறது" என்பது இங்கே அர்த்தம் அல்ல. மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றில் 8 நாளாவது மைக்ரேனுக்கு உரிய தன்மையோடு இருந்து, இந்த நிலை 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது நாட்பட்ட மைக்ரேன். இருபது வருடமாக மாதம் இரண்டு முறை வருபவருக்கு இருப்பது இடைவிட்ட மைக்ரேன்தான். உலகில் 100 கோடிக்கும் அதிகமானோருக்கு மைக்ரேன் உண்டு. நாட்பட்ட மைக்ரேன் இருப்பவர்கள் மக்கள்தொகையில் 1 முதல் 2 சதவீதம்.

ஒருவர் இரவோடு இரவாக நாட்பட்ட நிலைக்கு வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு சுற்றும் வலிப் பாதையை அடுத்த சுற்றுக்குத் தயாராக்கிவிட்டுப் போகிறது. சுற்றுகள் நெருங்கி நெருங்கி வந்தால், மூளைக்குள் வலிச் செய்தியை வாங்கும் செல்கள், செய்தி சிறியதாக இருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. இதற்கு மைய உணர்கூர்மை என்று பெயர். அடையாளம் எளிது: தலைமுடியை வாரினால் வலிக்கும், கண்ணாடி போட்டால் காது மேலே வலிக்கும், தலையணையில் சாய முடியாது. வலிக்கவே கூடாத தொடுதல் வலிக்கிறது. அடிக்கடி எழுப்பப்பட்ட குழந்தை ஆழ்ந்து தூங்கவே மறந்துபோவதைப் போல.

இந்தப் பக்கம் தள்ளிவிடுபவை எவை என்று ஓரளவு தெரியும். மாதத்தில் வலி நாள்கள் ஏற்கெனவே அதிகமாக இருப்பது, வரும் வலியை ஒழுங்காக அடக்காமல் விடுவது, உடல் பருமன், குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், மனச்சோர்வு, காஃபின் மிகுதி. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதற்குத் தனித் தலைப்பே கொடுக்க வேண்டும்.

## வலி மாத்திரையே வலி தரும்போது

வலி வந்தால் மாத்திரை போடுகிறோம். அடிக்கடி வந்தால் அடிக்கடி போடுகிறோம். ஒரு கட்டத்துக்கு மேல் மூளை இதற்கு ஏற்ப மாறிவிடுகிறது. மருந்தின் தாக்கம் இறங்கும்போதெல்லாம் வலி தலைதூக்குகிறது. அதற்கு இன்னொரு மாத்திரை. இது மருந்து மிகைத் தலைவலி. ஒவ்வொரு சிணுங்கலுக்கும் தொட்டிலை ஆட்டினால், ஆட்டாமல் தூங்காத குழந்தையாகிவிடுமே, அதுபோல. ஒப்புமை இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டும், ஏனென்றால் இங்கே நரம்புகளே மாறிப்போகின்றன. ஆனாலும் விஷயம் பிடிபடும்.

எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபென் போன்ற தனி வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எடுப்பது, மைக்ரேனுக்கான டிரிப்டான், எர்கட்டமின் மருந்துகளையும் அபின் வகை வலிநிவாரணியான ஓபியாய்டுகளையும் காஃபின் முதலியவை சேர்த்த கூட்டு மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ எடுப்பது, இதை 3 மாதத்துக்கு மேல் தொடர்வது ஆபத்தான எல்லை. கணக்கு மாத்திரைகளுக்கு அல்ல, நாள்களுக்கு. முதுகுவலிக்காக எடுத்ததும் இந்தக் கணக்கில் சேரும்.

இதைச் சொல்லும்போது நோயாளியைக் குற்றவாளிபோல் நடத்துபவர்கள் உண்டு. அது அநியாயம். வேலைக்குப் போக வேண்டியவர், குழந்தைகளைக் கவனிக்க வேண்டியவர் வேறென்ன செய்வார்? நாள் எல்லையை யாரும் அவருக்குச் சொன்னதில்லை என்பதே உண்மையான பிரச்சினை. இதிலிருந்து வெளியே வர முடியும். மருந்தை நிறுத்தினால் முதலில் சில நாள், சிலருக்குச் சில வாரம், வலி கூடும்; அதன் பிறகு பலருக்கு இறங்கும். ஆனால் தாமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. குறிப்பாக ஓபியாய்டு, தூக்க மருந்து கலந்தவற்றை மருத்துவர் துணையோடு படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெரும்பாலும் அதே சமயத்தில் தடுப்பு மருந்தையும் தொடங்குவார்கள்.

## முதல் வேலை: வந்த வலியை அடக்குவது

இனி சிகிச்சைக்கு வருவோம். சிகிச்சையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, கிளம்பிவிட்ட சுற்றை நிறுத்துவது.

இதில் பாதி வெற்றி நேரத்தில் இருக்கிறது. "தாங்கிப் பார்ப்போம், முடியாவிட்டால் போட்டுக்கொள்ளலாம்" என்று காத்திருப்பவர்கள் அதிகம். தொட்டாலே வலிக்கும் நிலை வந்துவிட்டால் மருந்து முழுதாக வேலை செய்வது கடினம். வலி லேசாக இருக்கும்போதே, சரியான அளவில் எடுப்பது நல்லது. மாதத்துக்கு எத்தனை நாள் என்ற வரம்பும் இதே வேளையில் நினைவிருக்க வேண்டும். இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினால், அதுவே தடுப்பு மருந்து தேவை என்பதற்கு அறிகுறி.

இன்னொரு காரணமும் உண்டு. மைக்ரேன் நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும், அல்லது வாந்தியில் போய்விடும். "மாத்திரை கேட்கவில்லை" என்பதன் அர்த்தம் சில சமயம் "மாத்திரை போய்ச் சேரவில்லை" என்பதுதான். வாந்தியை அடக்கும் மருந்தைச் சேர்ப்பது, மூக்கில் அடிக்கும் மருந்து, ஊசி ஆகியவை அதற்காகவே இருக்கின்றன.

மைக்ரேனுக்கென்றே வந்த முதல் நவீன மருந்துக் குடும்பம் டிரிப்டான். 1990களின் தொடக்கத்தில் வந்த சுமட்ரிப்டான் அதன் மூத்த பிள்ளை. நரம்பு முனைகள் சிஜிஆர்பி சுரப்பதை இது குறைக்கிறது. ரத்தக் குழாயையும் சுருக்குவதால் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆகாது. ஒரு டிரிப்டான் சரிவரவில்லை என்றால் அதே குடும்பத்தின் இன்னொன்று சரிவரலாம். பிறகு 2019 இறுதியிலிருந்து ஜிபன்ட் என்ற மாத்திரைகள் வந்தன. இவை சிஜிஆர்பி போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகின்றன. குழாயைச் சுருக்குவதில்லை, இதுவரை தெரிந்த அளவில் மருந்து மிகைத் தலைவலியையும் உண்டாக்குவதில்லை.

## இரண்டாவது வேலை: தாங்குவரம்பை உயர்த்துவது

நாட்பட்ட மைக்ரேனில் உண்மையான போராட்டம் இங்கேதான். தடுப்பு மருந்து வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒழுங்காக எடுப்பது. இன்று போட்டால் இன்றைய வலி போகாது. அதை எதிர்பார்த்து நான்காம் நாளே நிறுத்தியவர்கள், தங்கள் பட்டியலில் "இதுவும் கேட்கவில்லை" என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

பழைய தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் வேறு நோயிலிருந்து கடன் வாங்கியவை. ப்ராப்ரனலால் இதய மருந்து. 1960களில் நெஞ்சுவலிக்காக அதை எடுத்தவர்களுக்கு மைக்ரேன் குறைந்ததைத் தற்செயலாகக் கவனித்தார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து, டோபிராமேட் வலிப்பு மருந்து, கேண்டசார்டன் ரத்தக் கொதிப்பு மருந்து. மருந்துச் சீட்டைக் கூகுளில் தேடிவிட்டு "எனக்கு வலிப்பா? மனநோயா?" என்று பயப்படுபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். மைக்ரேனுக்குக் கொடுக்கும் அளவும் பல சமயம் வேறு.

பக்கவிளைவு உண்மைதான். அமிட்ரிப்டிலின் தூக்கமும் வாய் உலர்வும் எடையும் தரலாம். டோபிராமேட் விரல்நுனியில் சுருசுருப்பையும், பேசும்போது சொல் அகப்படாத தடுமாற்றத்தையும் தரலாம். டோபிராமேட்டும், வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் கருவில் உள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியவை. கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புள்ளவர்கள் இதைக் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது பக்கவிளைவைத் தாங்குவதற்காகத்தான். இதன் மறுபக்கம், பலர் தொடக்க அளவிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள், உரிய அளவை எட்டுவதே இல்லை.

போடாக்ஸ் என்றதும் முகச்சுருக்கம்தான் நினைவுக்கு வரும். அதற்காக ஊசி போட்டுக்கொண்ட சிலர் தலைவலி குறைந்ததாகச் சொன்னதிலிருந்துதான் இந்தச் சிகிச்சை முளைத்தது. நாட்பட்ட மைக்ரேனுக்கு 2010இல் அங்கீகாரம் பெற்றது. நெற்றி, பொட்டு, பின்னந்தலை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் சிறு சிறு ஊசிகள், 12 வாரத்துக்கு ஒரு முறை. தசையைத் தளர்த்துவதைவிட, நரம்பு முனைகள் வலிப் பொருள்களைச் சுரப்பதைத் தடுப்பதே இங்கே முக்கியம். நாட்பட்ட மைக்ரேனில்தான் பயன் நிரூபணமாகியிருக்கிறது, இடைவிட்டதில் இல்லை.

மைக்ரேனுக்கென்றே முதல் முறையாக வடிவமைத்த தடுப்பு மருந்துகள் 2018இல் வந்தன. சிஜிஆர்பியையோ அது ஒட்டும் இடத்தையோ குறிவைத்துப் பிடிக்கும் ஆய்வக எதிர்ப்புரதங்கள் இவை. எரெனுமாப் முதலாவது. மாதத்துக்கு ஒரு முறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி. பலருக்குப் பக்கவிளைவு குறைவு, சிலருக்கு மலச்சிக்கல் வரும். தினமும் விழுங்கும் அடோஜிபன்ட் போன்ற மாத்திரைகளும் உண்டு. பழைய மருந்துகளில் தோற்ற பிறகுதான் இவற்றைத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, முதலிலேயே பரிசீலிக்கலாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024இல் அறிவித்தது. விலையும் கிடைக்கும் தன்மையும் வேறு விஷயம்; பலருக்கு அங்கேதான் கதவு சாத்திக்கொள்கிறது.

சரி, எவ்வளவு நாள் பொறுப்பது? மாத்திரைகளை உரிய அளவை எட்டிய பிறகு 8 வாரமாவது பார்க்க வேண்டும். எதிர்ப்புரத ஊசிகளுக்கு 3 முதல் 6 மாதம். போடாக்ஸுக்கு ஒரே முறையில் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். இந்தக் கால அளவை எட்டாமல் கைவிட்ட மருந்தைத் தோற்ற மருந்து என்று சொல்ல முடியாது. பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியதும் வேறு கணக்கு.

மீண்டும் ஒருமுறை: அடக்கும் மருந்து வலி வந்தவுடன், குறைந்த நாள்களில். தடுக்கும் மருந்து தினமும் அல்லது குறித்த இடைவெளியில், பொறுமையாக. ஒன்றை மற்றதின் அளவுகோலால் அளந்தால் இரண்டுமே தோற்றதுபோல் தெரியும்.

## நல்ல நாள்களும் நல்ல நாள்கள் இல்லை

இதை ஆய்வுகளில் படிப்பதைவிட அனுபவிப்பவர்களிடம் கேட்டால் நன்றாகப் புரியும். வலி இல்லாத நாளில் சேர்ந்துபோன வேலையெல்லாம் முடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று உறுதியாகச் சொல்லத் தயக்கம். பையில் மாத்திரை இருக்கிறதா என்று நாளுக்கு நான்கு முறை தடவிப் பார்ப்பது. "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்ற கேள்வி. மனச்சோர்வும் பதற்றமும் நாட்பட்ட மைக்ரேன் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். அவற்றுக்கும் சிகிச்சை எடுப்பது மைக்ரேன் சிகிச்சையின் பகுதிதான். வலி மனதில் உண்டானது என்று ஒப்புக்கொள்வதாக அதை நினைக்க வேண்டியதில்லை.

## மருத்துவரிடம் போகும்போது

சில தலைவலிகளுக்கு மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. நொடிகளில் உச்சத்துக்குப் போகும் இடி விழுந்தாற்போன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் பலமிழப்பது, பேச்சுக் குழறுவது, மயக்கம், வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றுக்கு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 50 வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் தலைவலி, கர்ப்பக் காலத்தில் புதிதாக வருவது, பழகிய வலியின் தன்மையே மாறுவது ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். ஆராவோடு மைக்ரேன் வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கவாத அபாயம் கூடும்.

மற்றபடி, போகும் முன் ஒரு மாதமாவது நாள்காட்டியில் குறித்துவையுங்கள். வலி இருந்த நாள், எவ்வளவு கடுமை, என்ன மாத்திரை, மாதவிடாய் நாள். இவ்வளவு போதும். தலை லேசாகக் கனத்த நாளையும் குறிக்க வேண்டும். பலர் கடும் வலி நாள்களை மட்டும் எண்ணி "மாதம் ஆறு" என்பார்கள். லேசான நாள்களையும் சேர்த்தால் அது பதினெட்டாக இருக்கும். நோயின் பெயரும் மருந்தும் அந்த ஒரு எண்ணால் மாறும்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே நாள்காட்டிதான். இடைவிட்ட மைக்ரேனில் வலி நாள்கள் பாதியாகக் குறைந்தால் தடுப்பு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பார்கள். நாட்பட்டதில் 30 சதவீதம் குறைந்தாலே பயனுள்ளதுதான். 20 நாள் 13 ஆனால் வலி போகவில்லை என்றே தோன்றும், ஆனால் ஒரு வாரம் திரும்பக் கிடைத்திருக்கிறது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்று கிடையாது. நாட்பட்ட நிலையிலிருந்து இடைவிட்ட நிலைக்குத் திரும்புவது நடக்கக்கூடியது. நாட்பட்ட மைக்ரேன் உள்ளவர்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அப்படித் திரும்பியிருந்தார்கள்.

புதிய மருந்து எழுதிக் கொடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். இது வந்த வலிக்கா, வராமல் இருக்கவா? முழு அளவு எவ்வளவு, எப்போது அதை எட்டுவேன்? எத்தனை வாரம் கழித்து முடிவெடுப்போம்? சரிவரவில்லை என்றால் அடுத்தது எது? கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இவ்வளவும் கேட்க நேரம் இருக்காது. முதல் மூன்றுக்குச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். நான்காவதை மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள். "இதுதான் கடைசி" என்று நினைத்து எடுக்கும் மருந்துக்கும், "இது இல்லாவிட்டால் இன்னொன்று இருக்கிறது" என்று தெரிந்து எடுக்கும் மருந்துக்கும் நடுவே, அந்த 8 வாரத்தைக் கடப்பதில் பெரிய வித்தியாசம் உண்டு.